மூன்று மணிக்கு மூடிய கதவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் சுகம். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கோபமாகத் தொடங்கினாலும் முழுக்கப் படி.

அப்பாவை நீ அந்த இணைய வாசகர் குழுவில் சேர்த்துவிட்டபோது எனக்கும் சந்தோஷம்தான். ஒன்பது பாக நாவலாம், ஞாயிறுதோறும் எல்லோரும் கூடிப் பேசுவார்களாம், அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர் இனிமேலாவது செய்தித்தாளோடு சண்டை போடாமல் இருப்பார் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு மாதமாகத் தினமும் மதியம் மூன்று மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார், உள்ளே ஒரு பெண்குரல். நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள், ஹலோவை வைத்தே ஆளை எடைபோடுவேன். கூட்டத்துக்குப் பேசுகிற குரல் இல்லை அது, ஒரே ஒருவருக்காகத் தணித்துப் பேசுகிற குரல். யார் என்று கேட்டால், நம்ம குழுவுல இருக்கிறவங்கதான், மருந்துக்கடை வச்சிருக்காங்க, கதையில ஒரு சந்தேகம் கேட்டேன் என்றார். ஒரு நாள் சந்தேகம் சரி, தினமும் ஒரு மணி நேரமா? தூசி தட்டும்போது பார்த்தேன், நான்காம் பாகத்தில் அவர் வைத்த அடையாளச் சீட்டு மூன்று வாரமாக அறுபத்திரண்டாம் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாகத்தின் முடிவைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார், தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். இந்த வயதில் மனுஷனுக்கு மயக்கம் என்று முடிவே கட்டிவிட்டேன், சிரிக்காதே.

நானும் புது வாசகி என்று பெயர் போட்டுக்கொண்டு, முகம் காட்டாமல், அந்தக் குழுவில் நுழைந்தேன். அந்தப் பெண் உன் அப்பாவை வாய்க்கு வாய் அண்ணா என்றாள். எனக்கு அதுவும் நடிப்பாகத்தான் பட்டது. குழுவிலிருந்தே அவள் எண்ணை எடுத்துக் கூப்பிட்டு, தினமும் மூணு மணிக்கு என் வீட்டுக்காரரோட உங்களுக்கு என்ன பேச்சு என்று நேராகவே கேட்டேன். அக்கா, நீங்க கூப்பிட மாட்டீங்களான்னு எத்தனையோ நாளா காத்துக்கிட்டிருக்கேன் என்றாள். அண்ணனுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியல, ரெண்டு வரி படிக்கிறதுக்குள்ள வரி மறைஞ்சிடுது, அவருக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லி உங்க பொண்ணுதான் கேட்டா, டாக்டர்கிட்ட போங்கன்னு நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன் என்றாள். அந்த நல்ல மனுஷியை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். அடுத்த நிமிஷமே உன்மேல் திரும்பிற்று என் சந்தேகம். வாரம் தவறாமல் என்னோடு பேசுகிறாய், ஒரு வார்த்தை வாய் தவறிக்கூட வரவில்லையே.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவரைக் கேட்டேன். கண்ணாடி மாத்தினா சரியாயிடும், அம்மாகிட்ட சொல்லாதன்னு நம்ம பொண்ணுகிட்ட நான்தான் வாக்கு வாங்கினேன், அவளைத் திட்டாத என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றதற்கு, உன் முகம் இன்னும் நல்லாத் தெரியுது, அது மங்க ஆரம்பிச்சா சொல்லலாம்னு இருந்தேன் என்றார். திட்ட வந்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை போனதுதான், இருக்கிறதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்ததை நான் முடிக்கவிடவில்லை. இப்போது ஐந்தாம் பாகத்தை நான்தான் வாசிக்கிறேன். வாயைத் திறந்தால் போதும், ழகரம் சரியில்லை என்று என்னையும் திருத்துகிறார். கதையில் வில்லி வரும் பக்கங்களுக்கு மட்டும் மருந்துக்கடைத் தங்கச்சி குரல்தான் வேண்டுமாம், கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாய், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இரு, எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு உண்டு. ஒன்றை மறக்காதே, இந்த நோய் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். இந்த வாரமே போய் உன் கண்ணைக் காட்டு. அங்கே என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. அப்பாவுக்கு அல்ல, எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா