சவர நாற்காலியில் கிடைத்த சம்மதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் இன்னும் பழையபடி முழுசாக வரவில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இருந்ததற்கு இப்போது எவ்வளவோ தேவலை. சலூனைத் தினமும் திறக்கிறார். கொரோனாவுக்கு அப்புறம் அரசாங்கம் போட்ட மீட்புத் திட்டத்தில் சின்னக் கடைகளுக்குக் காற்றோட்ட வசதி செய்து தருகிறார்கள், அது நமக்கும் வந்துவிட்டது. பின்சுவரை இடித்து ஒரு ஜன்னலும், அதற்கு மேலே உள்காற்றை வெளியே தள்ளுகிற ஒரு விசிறியும் வைத்துக் கொடுத்தார்கள். சுவரை இடிக்கும்போது உன் அப்பா தன் விலா எலும்பை எடுக்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார், இப்போது பார்த்தால் அந்த ஜன்னலைத் தானே யோசித்து வைத்தது போல வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறார். எனக்கும் வேலைக்குக் குறைவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் பாதித் தெரு பெருத்துவிட்டது, மீதித் தெரு காய்ச்சலில் இளைத்துவிட்டது, ஆக எல்லோருடைய உடுப்பையும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. சலூனுக்கும் என் தையல் மிஷினுக்கும் நடுவில் வெறும் திரைதானே, அங்கே பேசுவதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அதனால் இனி சொல்லப்போவதில் ஒன்றுகூட நான் இட்டுக்கட்டியது இல்லை.

தெருமுனைக்கு வாரம் ஒரு காலையில் மருத்துவ வண்டி வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். கொரோனா சமயத்தில் தடுப்பூசி போட வந்த வண்டி, அப்புறம் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கத் தொடங்கி, இப்போது அதில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தியும் வருகிறாள். அவளிடம் மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி இருக்கிறது, குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்ப வேண்டும். முதல் தடவை அப்பா இழுத்த இழுப்புக்கு ஒரு பந்து சும்மா அசைந்து காட்டியது, அவ்வளவுதான். இப்போது இரண்டு பந்து மேலே போய் நிற்கிறது, மூன்றாவதை ஒரு கை பார்க்காமல் விடமாட்டேன் என்கிறார். இந்த வண்டி இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், இரண்டு பஸ் மாறி, படி ஏறி, வரிசையில் நின்று அங்கே இப்படி ஒரு பெண்ணைப் பார்ப்பதற்குள் இருக்கிற மூச்சும் போய்விடும். மூச்சு திரும்பாமல் அவரால் நின்று முடி வெட்ட முடியாது, நின்று வெட்ட முடியாவிட்டால் சலூன் இல்லை, சலூன் இல்லாமல் உன் அப்பாவை வீட்டில் வைத்துச் சமாளிக்க என்னால் முடியாது. விஷயம் இப்படி இருக்கையில் போன மாதம் அந்த வண்டியோடு வருகிற நர்ஸம்மா வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். ஆள் வருகிற இடத்தில்தான் வண்டி நிற்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாம். நன்றாக வந்தால், மூடிக் கிடக்கிற பழைய தபால் அறையையே நிரந்தர சுகாதார நிலையமாக ஆக்கித் தருவார்களாம், வராவிட்டால் வண்டியை எடுத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்களாம். பூஸ்டர் ஊசிக்கு நம் தெரு ஆண்கள் ஒருத்தர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. 'இப்படியே போனா வண்டி இங்க நிக்காது, யாராவது எடுத்துச் சொல்லுங்க' என்று அவர் சொன்னதுதான் தாமதம், உன் அப்பா 'அத எங்கிட்ட விடுங்க' என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் சவரம் செய்கிற அழகு உனக்குத் தெரியாததா. முகத்தில் நுரை ஏறிவிட்டால் உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, அது அவருடைய சட்டம். அவர் மட்டும் பேசுவார். உட்கார்ந்திருப்பவர் கழுத்தை அசைக்காமல் தொண்டைக்குள்ளேயே 'ம்' என்பார். இத்தனை வருஷமாக இப்படியே பேசிப் பேசி, உலகத்தில் எந்த விஷயமானாலும் இந்தத் தெருவே தன் பக்கம்தான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதே முறையில் இதையும் நடத்தினார். தாடைக்குக் கீழே கத்தி போகும்போது ஊசியின் அருமை பெருமையை எடுத்துச் சொல்லி 'என்ன, வந்துடுவீங்கல்ல' என்று கேட்பார், உட்கார்ந்திருப்பவர்களும் 'ம்' என்பார்கள். நானும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பரவாயில்லையே மனுஷனுக்குக் கெட்டிக்காரத்தனம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், எனக்கும் அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அவர் நர்ஸம்மாவிடம் யார் யார் வருவார்கள் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார், நர்ஸம்மாவும் அதை நம்பி மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பா சொன்ன ஆட்களில் ஒருத்தரும் வரவில்லை. மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டுமாம், முதலில் வந்த இரண்டு கிழவிகளுக்காகத் திறந்த குப்பியில் மிச்சம் இருந்ததை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. நர்ஸம்மா பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். 'ம்' போட்டவர்களில் ஒருத்தரான டாக்ஸிக்காரரை அப்பா பிடித்து 'ஏன் வரல' என்று கேட்டால், 'கழுத்துல கத்திய வச்சுக்கிட்டுக் கேட்டா யாருங்க மாட்டேன்னு சொல்லுவாங்க' என்கிறார்.

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். ஆனால் உன் அப்பாவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது, கடையில் பேச்சையே நிறுத்திவிட்டார். அவர் பேசாத சலூனில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது எனக்கு என்னவோ போல இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் மூச்சு வாங்கிக் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் திரையை விலக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் வெட்டாத தலையோடு வாத்தியார் எழுந்து வந்து அவருக்கு விசிறிக்கொண்டு நின்றார், 'மெதுவா ஆகட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல' என்று சொன்னார், பள்ளிக்கூட மணி அடித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்த வண்டி போய்விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்கிற ஒரே எண்ணம்தான் அன்றைக்கு எனக்கு. பயந்துகொண்டு உட்கார்ந்தால் ஆகுமா என்று மறுநாளே வேலையில் இறங்கினேன்.

எனக்கு ஒரு வசதி உண்டு. அளவு பார்த்துத் துணியைப் பிடிக்கும்போது என் வாய் நிறையக் குண்டூசி இருக்கும், நான் பேச முடியாது, ஆகையால் நிற்கிறவர்தான் பேசியாக வேண்டும். டாக்ஸிக்காரர் கால்சட்டையின் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்தார், சந்தையில் மூட்டை தூக்குகிறவர் தோள் கிழிந்த சட்டையோடு வந்தார். ஊசி விஷயத்தை ஆரம்பித்துவிட்டுக் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டேன், அவர்களே கொட்டித் தீர்த்தார்கள். ஊசிக்கு யாரும் பயப்படவில்லையடி, அதற்கு மறுநாளுக்குத்தான் பயம். ஊசி போட்டால் ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும், உடம்பு முறிகிற மாதிரி வலிக்கும், அன்றைக்கு யார் மூட்டை தூக்குவது, யார் வண்டி ஓட்டுவது. ஊசி போட்ட மறுநாள் சம்பளத்தோடு விடுமுறை என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறதே என்று கேட்டால் மூட்டைக்காரர் சிரிக்கிறார், 'எனக்கு யாரு முதலாளி, லீவு லெட்டர யாருகிட்ட குடுக்கறது' என்கிறார். சட்டம் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் கண்ணுக்குக் கம்பெனி தெரிந்திருக்கிறது, நம் தெரு தெரியவில்லை. பேக்கரிக்காரர் கதை மட்டும் வேறு. கொரோனாவில் அக்காவை ஆஸ்பத்திரிக்குள் அனுப்பிவிட்டுக் கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் பறிகொடுத்தவர், நர்ஸுகளின் வெள்ளை உடுப்பைப் பார்த்தாலே வந்த வழியே திரும்பிவிடுகிறேன் என்றார். அவரிடம் நான் ஊசியைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை, கையில் இருந்த துணியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நானும் அப்பாவும் நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு சுகாதார அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். வண்டி வாரத்தின் நட்டநடுவில் காலையில் வருவதால்தான் இந்தக் கூத்து, தெருவுக்கு வார விடுமுறை என்று ஒரு நாள் இருக்கிறதே, அதற்கு முந்தின சாயங்காலம் அனுப்புங்கள், காய்ச்சல் வந்தால் விடுமுறையில் படுத்துத் தொலைக்கட்டும் என்று கேட்டேன். நல்ல மனுஷர், ஆனால் அட்டவணை மேலேயிருந்து வருகிறது, மாற்ற முடியாது என்று முதலில் கையை விரித்தார். நான் எழுந்திருக்கவில்லை. தானும் சாயங்காலம் வரத் தயார் என்று நர்ஸம்மா சொன்னதும் அதிகாரி மேலே எழுதிக் கேட்டு ஒரு வாரத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டார். ஊரடங்கில் தெருவுக்கே பொங்கிப் போட்டார்களே கூட்டுச் சமையல் பெண்கள், அவர்கள் காய்ச்சல்காரர்களுக்கு வீட்டுக்கே சூப் அனுப்புகிறோம் என்று மறுபடியும் அடுப்பை மூட்டினார்கள். டாக்ஸிக்காரர்களுக்கு விடுமுறையன்றுதான் சவாரி அதிகம், அதனால் பாதிப் பேர் இந்த வாரம் பாதிப் பேர் அடுத்த வாரம் என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். அப்பாவும் பாடம் படித்துவிட்டார். சவரம் முடிந்து, முகம் துடைத்து, படிகாரம் தடவி, கத்தியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி, 'இப்ப சொல்லுங்க, வேணாம்னாலும் வேணாம்னே சொல்லுங்க' என்று கேட்டார். சிலர் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள், அதையும் கேட்டுக்கொண்டார். இந்த முறை அவர் நர்ஸம்மாவிடம் சொன்ன பெயர்கள் முன்பு ஒப்பித்ததில் பாதிகூட இல்லை, ஆனால் சொன்ன ஆள் எல்லாம் வந்தார்கள், சொல்லாத ஆளும் கொஞ்சம் வந்தார்கள். பேக்கரிக்காரர் வரவில்லை, வராவிட்டால் என்ன, வரிசையில் நின்றவர்களுக்கு ரொட்டி கொடுத்து அனுப்பினார். தபால் அறைக்கு உத்தரவு இன்னும் கையில் வரவில்லை என்றாலும் பூட்டைத் திறந்து சுத்தம் செய்துவிட்டார்கள், நர்ஸம்மா தன் வீட்டுச் செருப்பையும் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெட்டிலையும் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டார். செருப்பைக் கொண்டுவந்து வைத்தவள் போகமாட்டாள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இனி உன் விஷயம். உன் அப்பாவைப் பார்த்துத் தெரு சிரித்தபோது நானும் சிரித்தேன் என்றேன் அல்லவா, அதற்கப்புறம் ஒரு நாள் துணி வெட்டிக்கொண்டிருக்கையில் நாம் கடைசியாகப் பேசியது நினைவுக்கு வந்தது. நீ வேலை பார்க்கிற ஓட்டலைத் திறந்துவிட்டார்களா என்று போனில் கேட்டேன், நீ 'ம்' என்றாய். நான் நல்லது நல்லது என்று சொல்லிவிட்டு ஜன்னல் கதைக்குப் போய்விட்டேன். சாப்பிட்டாயா என்றேன், 'ம்'. உடம்பு தேவலையா என்றேன், 'ம்'. யோசித்துப் பார்த்தால் இந்த மாதம் முழுக்க உன் வாயிலிருந்து வேறு ஒரு வார்த்தையும் நான் கேட்கவில்லை, கேட்கிற அளவுக்கு நான் இடமும் விடவில்லை. ஏற்கெனவே அப்பாவின் மூச்சே பெரிய கவலை, இதில் நம் கவலை வேறா என்று நீ நினைத்திருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடு, நாங்கள் இருவரும் இப்போது எதையும் கேட்கிற தெம்போடு இருக்கிறோம். ஓட்டல் திறக்கவில்லை என்றால் திறக்கவில்லை என்று எழுது. தனியாக இருக்க முடியவில்லை என்றால் அதை எழுது. வரவேண்டும் போல இருந்தால் வா, அங்கேயே இருந்து பார்க்கிறேன் என்றால் இரு, எதுவானாலும் நீ சொன்னதாக இருக்கட்டும், நானாக நினைத்துக்கொண்டதாக இருக்க வேண்டாம். போனில் சொல்லாதே, எனக்கு என் வாய் மேல் நம்பிக்கை இல்லை. எழுதினால் நீ முடிக்கிற வரை நான் குறுக்கே பேச முடியாது.

நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், உன் மனசுபோல எல்லாம் கூடி வரவேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். உன் பூஸ்டரைத் தள்ளிப்போடாதே, விடுமுறைக்கு முந்தின நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்.

உன் பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கும்,
அம்மா