இடப்பக்கத்து ஜினியாக்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் கடிதம்.

மொட்டைமாடியில் அவர் வளர்க்கிற ஜினியாச் செடிகள் உனக்குத் தெரியும், எட்டுத் தொட்டி, ஒரே வரிசை. முட்டிவலிக்காரர், குனிந்த தலை நிமிராமல் வந்து நடுவில் முக்காலியைப் போட்டுக்கொண்டால் எழுந்திருக்காமலே எல்லா வேலையும் முடிப்பார். மழை விட்ட பிறகு இலைகளில் மாவு தூவினது போல சாம்பல் நோய் வந்துவிட்டது. அதற்கான வைத்தியம் அவருக்கு அத்துப்படி, நோய் கண்ட இலையைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புவார், இலை நனையாமல் காலையில் வேரில் மட்டும் தண்ணீர் விடுவார், காற்றுப் புக நெருக்கமான கிளைகளை வெட்டுவார், இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தால் சோப்புத் தண்ணீர் தெளிப்பார். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட இந்தக் கவனிப்பு கிடையாது. நேற்று துணி காயப்போடப் போனேன், வலப்பக்கம் நாலு தொட்டியும் பளிச்சென்று பூத்திருக்கிறது, இடப்பக்கம் நாலும் வெளுத்துச் சுருண்டு மொட்டெல்லாம் பூச்சி. என்ன இந்த ஓரவஞ்சனை என்று கேலி செய்தேன். எல்லாம் சுத்தமாத்தானே இருக்கு, குறை சொல்லலேன்னா உனக்குப் பொழுது போகாதே என்றார். அவருக்கு இடப்பக்கமாய்ப் போய் நின்று தண்ணீர் டம்ளரை நீட்டினேன், வாங்கவே இல்லை. கழுத்தை முழுசாகத் திருப்பின பிறகுதான் நீ எப்ப இங்க வந்தே என்றார், எனக்குப் பின்னாலிருந்த செடிகளைப் பார்த்து இந்த நோய் எப்ப வந்துச்சு என்றார். இடப்பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லையடி.

ஸ்கூல் வேன் ஓட்டுகிற கண் அல்லவா அது. பதினோரு பிள்ளைகள். போன மாதம் வேனின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்து வந்தபோது எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான் என்றார், நானும் அந்த எவனையோ வாய் வலிக்கத் திட்டினேன். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினால் தூசி விழுந்திருக்கும் விடு என்கிறார். இன்று காலை மார்க்கெட் போகிற சாக்கில் நானும் வேனில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்துக்கடை முனையில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து வந்தாள், பின்னால் குழந்தை. நான் கத்தின கத்தலில் பிரேக் போட்டார். சக்கரத்துக்கும் சைக்கிளுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவ எங்கேருந்து வந்தா என்று மெதுவாக என்னைக் கேட்டார், அந்தக் குரலை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. பிள்ளைகளை இறக்கினதும் அவருக்குத் தெரியாமல் ஸ்கூல் ஆபீசுக்குள் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வேறு டிரைவர் வேறு வேனில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார், இவரிடம் பிரேக் பார்க்க வேண்டும், இன்றைக்கு வேன் வீட்டிலேயே நிற்கட்டும் என்று ஏதோ சாக்குச் சொன்னார்களாம். திங்கட்கிழமையும் இவர் ஓட்டப்போவதில்லை. அது தெரியாமல் இப்போது வாசலில் வேன் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இதை ஒட்டிவிட்டு நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். இனி என் முகத்தைப் பார்ப்பாரோ மாட்டாரோ.

நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தள்ளிப்போடாதே, இந்த வாரமே கண் டாக்டரிடம் போ. சில கண் நோய்கள் அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கும் வருமாம், மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டபோது சொன்னார். நீ பிறந்த அன்று அப்படியே அப்பா கண்ணு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள், கேட்டுக் கேட்டுப் பூரித்தேன். இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா