வெட்டக் கூடாத காய்

வியாழன் இரவு.

எனக்கு நிச்சயம் செய்திருக்கும் டேனியல் இன்று ஆம்பூரிலிருந்து பேக்கேமன் என்கிற பகடை விளையாட்டின் பலகையோடு வந்தான். எனக்குச் சொல்லித்தரப் போகிறானாம். தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம் என்றான். என் காய்களை வெட்டி வெட்டிச் சிரித்தான். கடைசியில் எனக்கும் பகடை விழுந்தது. அவனுடைய தனிக் காயை வெட்டினேன்.

"புதுசா கத்துக்கறவங்க வெட்டக் கூடாது. அதான் ரூல்" என்று கூச்சமே இல்லாமல் காயைத் திரும்ப வைத்தான்.

போனில் விதியைத் தேடிக் காட்டினேன்.

"படிச்ச பொண்ணுன்னா இதான் பேஜார், அத்தை" என்று அம்மாவிடம் சொன்னான். அம்மாவும் சிரித்தாள்.

ஒரு பிளாஸ்டிக் காய்க்குப் பொய் சொல்கிற ஆம்பளை! ஞாயிறு ஆராதனையில் எங்கள் திருமண அறிவிப்பை வாசிக்க இருந்தார்கள். வேண்டாம் என்று போதகருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அம்மா தூங்குகிறாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.