ஏசித் தண்ணீர் என்றாய்

உன் காரின் இடதுபக்கக் கால்விரிப்பைத் தூக்கினேன், அண்ணா. அடியில் ஈரம். விரலில் பிசுபிசுத்தது. முகர்ந்தால் தித்திப்பான வாடை.

நீ இருந்தபோது இந்த வாடையைப் பற்றி எத்தனை முறை கேட்டிருப்பேன். "ஏசித் தண்ணிடி. பொம்பள மூக்குக்கு எல்லாமே வாடைதான்" என்பாய். ஏசித் தண்ணீர் பிசுபிசுக்காது என்பதுகூடத் தெரியாத மேதை நீ. ரேடியேட்டர் வற்றும்போதெல்லாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஊற்றுவாய். ஊற்றியது எங்கே போகிறதென்று யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரித்தால் உனக்குத் தெரியாதென்று ஆகிவிடுமே!

சென்னையில் சித்தி சாகக் கிடந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட அம்மா துடித்தாள். இந்தத் தீவில் நம் ஊரான சௌல்தாரியிலிருந்து நீதான் விமான நிலையத்துக்கு ஓட்டினாய்; வழியனுப்ப நானும் பின்சீட்டில் இருந்தேன். புரோத்ராபூர் தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி பறந்தது. பின்னால் வந்த ஜீப்காரர் நிறுத்தி, "ஏர்போர்ட்? பைட்டோ மாஜி" என்று இந்தியில் அம்மாவை ஏறச் சொல்லிக் கதவைத் திறந்தார். அம்மா இறங்கப் போனாள். நீ விடவில்லை. "என் வண்டி இருக்கும்போது கண்டவன் வண்டில எதுக்கு? அஞ்சு நிமிஷத்துல ஆறிடும்" என்று அவரை அனுப்பிவைத்தாய்.

வண்டி ஆறுவதற்குள் விமான நிலையம் இருக்கும் லம்பா லைன் பக்கமிருந்து விமானம் மேலேறிப் போனது. மறுநாள் அம்மா சென்னையில் இறங்கியபோது சித்தியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். விமானம் தவறிய அன்றே சித்தி மகள் வசந்தி போனில் அழுதபோது நீ சொன்னாயே, "அம்மா சேலை மாத்தி மாத்திக் கட்டிட்டு லேட் பண்ணிட்டாங்க" என்று! பக்கத்தில் நின்ற அம்மா வாயைத் திறக்கவில்லை. வசந்தி அன்றோடு பெரியம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நீ அன்று மத்தியானம் மீன் குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

போன மாதம் நீயும் போய்விட்டாய். வண்டி என்னிடம் வந்தது. கார்ச்சாவி வாங்கிய கையோடு மெக்கானிக் பிஸ்வாஸிடம் விட்டேன். ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டிக் காற்றடித்தார். அழுத்தம் காட்டும் முள் மெல்ல இறங்கியது; எங்கோ ஒழுகுகிறது. வெளியே எங்கும் சொட்டவில்லை. "உள்ளே கால் வைக்கிற இடத்தில் பாருங்கள்" என்றேன். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் வெளிர்பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஹீட்டர் லீக் ஹை, தீதி."

இந்தத் தீவின் புழுக்கத்தில் நீ ஒருநாளும் போடாத ஹீட்டர்! அதற்கு ரேடியேட்டர் தண்ணீர் போய்வரும் இரண்டு ஹோஸ் குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். கூலன்ட் நிரப்பி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை என்ஜினை ஓடவிட்டார். அவ்வளவுதான் வேலை. ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. உன் வீம்புக்குத்தான் ஆயுசு போதவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளக்கினேன். கேட்டு முடித்ததும் அம்மா, "வசந்திக்குப் போன் போடு" என்றாள்.

"கண்ணு, அன்னிக்கு நான் சேலை மாத்திட்டு நிக்கல. வண்டில ஒழுக்கு இருந்திருக்கு. வழியில நின்னுபோச்சு." அந்தப்பக்கம் வசந்தி ஏதோ கேட்டாள். அம்மா, "யாரு தப்பும் இல்லம்மா, பழைய வண்டி" என்றாள். இருவரும் அழுதார்கள்.

திருப்பி அனுப்பிய ஜீப்பைப் பற்றி அம்மா மூச்சுவிடவில்லை. செத்த பிறகும் உன்னைக் காப்பாற்றுகிறாள். அவளால் முடிகிறது; என்னால் முடியவில்லை. அந்த ஜீப்பின் திறந்த கதவு மட்டும் என்னிடம் இருக்கிறது, அண்ணா. அதை நான் மூடப் போவதில்லை.