மேசைமேல் கிடக்கும் யூனிஃபார்ம்

அன்புள்ள அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறேன். கடை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக நீர் வழிவதை இன்று காலையில்தான் கவனித்தேன். துணியிலிருந்து எழும் ஆவி, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே மறுபடி தண்ணீராகிறது. இங்கே குறையொன்றுமில்லை, நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதலில் எழுதச் சொன்னாள் அம்மா. அவள் முழங்கை வீக்கம் இன்னும் வடியவில்லை, அதனால் நான் பள்ளியை விட்ட நாளிலிருந்து இஸ்திரிப் பெட்டி என் கையில்தான்.

சின்னவளுக்கு அறிவியல் பரீட்சை, தேய்த்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கிறேன். கண்ணாடியைக் காட்டி, ஆவியானாலும் அது தண்ணீர்தான், இது இயற்பியல் மாற்றம் என்றேன். வேதியியல் மாற்றத்துக்கு உதாரணம் யோசித்து நின்றதில், பெட்டியை வக்கீலின் வெள்ளைச் சட்டைமேலேயே மறந்துவிட்டேன். பழுப்பாகக் கருகிவிட்டது. இதானேக்கா அது என்று சின்னவள் கைதட்டினாள். அப்பா வந்து பார்த்து, டீச்சரம்மா, பாடம் முடிஞ்சுதா, இல்ல பேன்ட்டையும் கொளுத்திக் காட்டணுமா என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவர் போனதும் சின்னவள், பழையபடி ஆகாததெல்லாம் வேதியியல் மாற்றமா என்று கேட்டாள். இல்லை, வேறு பொருளாக மாறினால்தான் என்றேன். மேசை விரிப்புக்கு அடியில் மெத்தைக்காக அப்பா கிழித்துப் போட்டிருப்பது என் பழைய யூனிஃபார்ம். அதன் ஓரத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, அப்ப கிழிச்சாலும் இது யூனிஃபார்ம் துணிதானே என்றாள். நான் அடுத்த சட்டைக்குத் தண்ணீர் தெளித்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் தேய்த்த துணியை வாங்க வந்த எங்கள் தலைமையாசிரியை, இந்த மாதம் முடிவதற்குள் வந்தால் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். இவ போயிட்டா கடையப் பூட்டிட்டு நானும் ஸ்கூலுக்கு வரவா என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

நீ நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசி. மறக்காமல் அப்பாவுக்குப் போன் போட்டு என் படிப்பைப் பற்றிப் பேசு, நீ சொன்னால்தான் கேட்பார் என்றும் எழுதச் சொன்னாள். அதை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது, வேண்டாம்மா என்று பேனாவை மூடினேன். அப்ப கொடுடி, நானே எழுதறேன் என்று வீங்கிய கையை நீட்டினாள். அவள் விரல்களில் பேனா நிற்கவில்லை, காகிதத்தில் ஒரு கோடுதான் விழுந்தது. கீழே நீ பார்ப்பது அந்தக் கோடுதான். பேனாவைத் திரும்ப வாங்கி, அதற்குப் பக்கத்திலேயே எழுதினேன்.

அக்கா, அப்பாவிடம் பேசு. நான் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மாவும் தங்கையும்