காது வலி என்று நம்பினேன்

வியாழக்கிழமை, இரவு.

இன்று என் பெண் கவிதாவை அடையாறில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தன் கல்யாணத்துக்கு முன்னால் தொடையில் கொழுப்பால் விழுந்திருக்கும் குழிகளை ஃபில்லர் ஊசி போட்டு நிரப்பிவிட வேண்டும் என்று ஒரு மாதமாக அவள் பிடிவாதம்.

டாக்டர் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் வழக்கம்போல நானே பதில் சொன்னேன். “அவளே சொல்லட்டும்மா” என்றார். பிறகு அவளிடம், “ஆழமான குழி ஒண்ணு ரெண்டைக் கொஞ்ச நாளைக்கு மேடாக்கிப் பார்க்கலாம். முழுசா போகாது. மருந்து கரைஞ்சா பழையபடி ஆயிடும். இது வியாதி இல்ல, முக்கால்வாசிப் பொம்பளைங்களுக்கு இருக்கு. அசிங்கம்னு உனக்கு யார் சொன்னது?” என்றார்.

கவிதா என் பக்கம் திரும்பவில்லை. “அம்மாதான். எட்டாவது படிக்கறப்போ நீச்சல் டிரெஸ்ல பார்த்துட்டு, ‘தொடையெல்லாம் குழி குழியா இருக்கு, துண்டைச் சுத்திக்கோ’ன்னாங்க.”

எனக்கு நினைவே இல்லை. ஆனால் நான் சொல்லக்கூடியதுதான். அந்த வருஷம்தான் அவள் நீச்சலை விட்டாள். காது வலி என்றாள். நம்பி, காது டாக்டரிடம் வேறு கூட்டிப்போனேன்.

மயிலாப்பூருக்கு ஆட்டோவில் திரும்பினோம். இறங்கும்போது, “விடும்மா, நீ வேணும்னா சொன்னே?” என்றாள். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

என் தொடையிலும் அதே குழிகள்தான். அவள் பிறந்ததிலிருந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் புடவை மாற்றுகிறேன். அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.