மந்தம் வரும் என்று சொன்ன வாய்

அண்ணே,

இன்று காலை தி.நகரில் ஒரு புதுக்கடைத் திறப்பு. உள்ளே கால் வைத்ததும் பிரிக்காத சேலைக்கட்டுகளின் கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது. கையில் வாங்கிய கல்கண்டோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்னம்மா, தலை சுத்துதா?" என்று ஒருவர் நாற்காலி போட்டார். தலை சுற்றவில்லை. யாராவது எழுந்து பேசிவிடுவார்களோ என்று பயம். இத்தனை வயசுக்கு மேல் இது என்ன பயம் என்கிறாயா? எல்லாம் உன்னால் வந்த வினை.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா தி.நகரில் வைத்த ஜவுளிக்கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நீ மட்டும் கடைப்பக்கமே வராமல், மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஆராய்ச்சி என்ற பேரில் எப்போதோ செத்துப்போன ஒரு பிரெஞ்சு டாக்டரைக் கட்டிக்கொண்டு அழுதாய். பஞ்ச காலத்துப் பிறப்பு இறப்புகளைக் கணக்கெடுக்கப் புகுந்த அந்த மனுஷர், வைத்தியத்தையே விட்டுவிட்டு வியாபாரத்தின் நாடியைப் பிடிக்கப் போனாராம். வியாபார மந்தம் என்பது எங்கிருந்தோ வந்து விழும் விபத்து அல்ல, ஓகோ என்று ஓடுகிற காலத்திலேயே அது கருக்கொள்கிறது, இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும் என்று முதன்முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். சாப்பிட உட்கார்ந்தால் உனக்கு இதே பேச்சு. "சோறு ஆறுதுண்ணே. உன் டாக்டரு எங்கயும் ஓடிர மாட்டாரு" என்பேன்.

அப்பா ஊர் நிலத்தை விற்று அடையாற்றில் இரண்டாவது கடை திறந்தார். கடைக்குள் நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? கேட்ட சேலை இருப்பில் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று வாயால் சொல்லக் கூடாது, 'வர வேண்டியிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். ராத்திரி கடையை மூடுவதுகூட 'எடுத்துவைப்பது'தான். அப்பேர்ப்பட்ட இடத்தில், குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, "புரொபசர் தம்பி ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நீ எழுந்தாய். "எல்லாரும் புதுக்கடை திறக்கிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். மந்தம் வரும்" என்றாய். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வந்தேவிட்டது. பெட்ரோலும் அரிசியும் ஏறின ஏற்றத்தில் சனங்களுக்குச் சேலை எடுக்கக் கையில் காசில்லை. தீபாவளிச் சரக்கு அப்படியே தேங்கியது. தெருவில் யாரும் பிரெஞ்சு டாக்டரைப் பேசவில்லை, உன் நாக்கைத்தான் பேசினார்கள். மூட்டை இறக்குகிறவர்கூட என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் வாய் வச்சாரும்மா. இப்போ இன்னா ஆச்சி பாரு, எல்லாக் கடையும் ஈ ஓட்டிக்கினு கீது" என்றார்.

ஒரு மத்தியானம் அப்பா உன்னை அடையாற்றுக் கடைக்கு வரச்சொன்னார். திட்டப்போகிறார் என்று நானும் கூடவே வந்தேன். ஒரு வாடிக்கைக்காரரும் இல்லை. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற கலக்கத்தில் கடை ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, உன் முன்னால் நின்று, கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏலே, நீ சொன்னது நடந்துட்டுல்லா. இப்ப நல்லதா ஒண்ணு சொல்லு. தைக்குள்ள நிமிந்துரும்னு உன் வாயால சொல்லிருலே."

பெற்ற தகப்பன் மகனைக் கும்பிடுவதை நான் பார்த்ததே இல்லை. சொல்லித் தொலையேன் என்று உன் முதுகில் கிள்ளினேன். நீ அவர் கைகளைப் பிடித்து இறக்கினாய்.

"நிமிரும்ப்பா, அது நிச்சயம். எப்பன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லுவேன்?"

அவர் முகம் செத்துப்போயிற்று. நீயோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்தாய். "நிமிர்ற வரைக்கும் நான் இருக்கேன். நீங்க வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க" என்றாய். கல்லாவைத் தொடவே மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டவன் நீ. அப்பா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கல்லூரிக்கு லீவு என்றாய், பிறகு ராஜினாமா என்றாய். ஆராய்ச்சி பாதியில் நின்றது. ஆனால் ஒரு ஆளைக்கூட ஊருக்கு அனுப்பவில்லை. மந்தம் தெளிந்து, சேலை வாங்கக் கூட்டம் முண்டியடித்த ஒரு நாள் அப்பாவே, "போதும்லே, நீ போய்ப் படி" என்றார். நீ தலையை நிமிர்த்தவில்லை.

"ஏறிட்டுல்லாப்பா, இனிமேதான் பயமா இருக்கு. இறங்கும்போது யாரு இருப்பா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அதன் பிறகு வியாபாரம் எத்தனை தடவை இறங்கி ஏறியதோ, நீ எழுந்திருக்கவேயில்லை. அப்பா போனார், அம்மா போனாள். போன மாசம் உன்னையும் அந்தக் கல்லாவிலிருந்துதான் தூக்கிவந்தார்கள். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

கடை இப்போது ஓகோ என்று ஓடுகிறது, அண்ணே. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வாரமாகக் கல்லாவில் நான்தான் உட்காருகிறேன்.